மரக்காணத்துக்கு ஃப்ரெண்ட் வந்த கதை

எங்கள் ஊருக்கு ஆங்கிலம் அன்போடு வந்து இறங்கவில்லை, வரியோடு வந்தது. சங்க காலத்து எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டும் மரக்காணத்தில் உப்பு விளைவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வேலையல்ல. பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்களைப் பற்றிய பேச்சு உண்டு. பாத்திக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு இலாகாவை உட்கார வைத்ததும், அந்த இலாகாவுக்கு ஒரு பாஷையைக் கொடுத்ததும்தான் அவன் வேலை. ஆந்திரக் கரையில் தொடங்கித் தெற்கே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் எங்கள் ஊரோடு முடிந்துபோகிறது. ஆங்கிலமும் அந்தப் படகுகளிலேயே வந்து, மேலே போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்டதோ என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். 1947இல் உப்பு வரி போயிற்று. உப்பு இலாகா போகவில்லை. இலாகாவின் இங்கிலீசும் போகவில்லை.

அந்த இங்கிலீசில் எனக்கு முதலில் அறிமுகமான பாசச் சொல் 'டியர்'. அப்பா ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. மேலிடத்துக்குப் போகிற ஒவ்வொரு மனுவும் 'டியர் சார்' என்று தொடங்கும், 'யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று முடியும். நடுவில், மழையில் கரைந்துபோன அம்பாரத்தைப் பற்றியோ குத்தகை புதுப்பிப்பது பற்றியோ நாலு வரி. எழுதி முடித்ததும் அந்த டியர் சாரை வாய் நிறையத் திட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுவார்.

"டியர்னா இன்னாப்பா?"

"அன்புள்ளன்னு அர்த்தம்."

"அந்த ஆபீசர் மேலயா அன்பு?"

"மனுவுல ஏதுடா அன்பு? அப்படித்தான் போடணும், போடறோம்."

பிறகு நான் படித்த முகநூல் தத்துவங்கள் எதுவும் இதற்கு மேலே போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் இது பாடமாகவே வந்தது. இங்கிலீஷ் இரண்டாம் தாளில் கடிதம் கட்டாயம். லீவ் லெட்டர் என்றால் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி', அப்பாவுக்கு என்றால் 'யுவர்ஸ் லவிங்லி', கலெக்டருக்கு என்றால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. அப்பாவுக்கு ஃபெய்த்ஃபுல்லாக இருந்தாலும் கலெக்டரை லவ் பண்ணினாலும் அரை மார்க் போய்விடும். நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் அவன் எப்போதும் ஏதோ ஒரு தூரத்து ஊரில் இருப்பான். கோடை விடுமுறைக்கு அவனை நம் கிராமத்துக்கு அழைக்க வேண்டும், அவனும் ஒரு வருஷம்கூட மறுத்ததில்லை. வகுப்பில் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தவனுக்கு, இல்லாத அந்த 'மை டியர் ஃப்ரெண்ட்' மேல் லேசாகப் பொறாமை. "எங்களையெல்லாம் இப்படிக் கூப்பிட்டிருக்கியாடா?" என்று ஒருநாள் கேட்டே விட்டான். கூப்பிட்டதில்லைதான். அவனைக் கூப்பிட வேறு சொல் இருந்தது.

இந்த இடத்தில் 'அந்தக் காலத்தில் ஊரே ஓர் உறவாக இருந்தது' என்று எழுதத் தொடங்குவது வழக்கம். என் வயதுக்காரர்கள் எழுதும் எல்லாக் கட்டுரையிலும் இந்த வாக்கியம் இருக்கும். எங்கள் ஊரிலும் அண்ணன், மாமா, அக்கா, ஆயா என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் அது இன்றைய நினைவு மலர்களில் வருகிற அளவுக்கு இளகிய விஷயமாக இருக்கவில்லை. உறவுச் சொல் என்பது கிட்டத்தட்டப் பத்திரம் மாதிரி. எழுதிக் கொடுத்தால் செல்லுபடியாகும். ஒருவரை மாமா என்று கூப்பிட்டால் அவர் மகள் முறைப்பெண். சித்தப்பா என்றால் அவள் தங்கை. புதிதாகக் குடிவந்தவரை எந்தச் சொல்லால் அழைப்பது என்று பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவனைப் பங்காளி என்பதா மச்சான் என்பதா என்பதற்கும் ஒரு பழைய கல்யாணத்தை நினைவுபடுத்தித்தான் தீர்ப்பு வந்தது. மச்சான் ஆனான். பங்காளி ஆகியிருந்தால் இன்றைக்கு எங்களுக்குள் ஒரு வரப்புத் தகராறாவது மிஞ்சியிருக்கும்.

இந்தச் சொற்கள் எல்லாத் தெருவுக்கும் போனதில்லை. உப்பளத்தில் விடியற்காலை இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்திகளைக் கண் கொண்டு பார்க்க முடியாது. ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்க, பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்தச் சுமைக்காரப் பெண்களில் என் ஆயா வயதுள்ளவர்களும் உண்டு. காலனியிலிருந்து வருபவர்கள். பத்து வயதுப் பையன்களான நாங்கள் அவர்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். யாரும் அப்படிக் கூப்பிடு என்று சொல்லித் தரவில்லை. யாரும் அதட்டவும் இல்லை. அவர்கள் என் அப்பாவை 'ஆண்டே' என்றார்கள். ஊரே உறவு என்றால், அந்த ஊரின் எல்லை எங்கே முடிந்தது என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். டீக்கடையில் கிளாசும் அப்படித்தான் பிரிந்து கிடந்தது. அந்தக் கடைக்காரரையும் நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிட்டோம்.

இப்படி இருந்த ஊருக்குள் 'ஃப்ரெண்ட்' வந்தது திண்டிவனம், புதுச்சேரி என்று பையன்கள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு. கூட்டாளி, சேக்காளி, சிநேகிதன் எல்லாம் ஏற்கெனவே கையில் இருந்தும், எல்லோரும் ஓடிப்போய் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் நாகரிகம் மட்டுமில்லை. தமிழில் நண்பன் என்றால் ஆண், தோழி என்றால் பெண். சொல் வாயைவிட்டு வந்த உடனே குட்டு உடைந்துவிடும். ஃப்ரெண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'ஃப்ரெண்டு வீட்டுக்குப் போய்ட்டு வரேன்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் கிளம்பலாம். எங்கள் பெரியவர்கள் லேசுப்பட்டவர்களா? இரண்டாவது கேள்வியில் மடக்குவார்கள். "ஃப்ரெண்டு வந்தானா, வந்தாளா?" அதற்கும் தமிழிலேயே ஒரு மாற்று வழி இருந்தது. "வந்திருக்காங்க." இப்படி, மரியாதைப் பன்மை பல காதல்களைக் காப்பாற்றியது. இலக்கண ஆசிரியர்கள் இந்தப் பயனை எந்தப் புத்தகத்திலும் குறிப்பிடாமல் விட்டது அநியாயம்.

ஃப்ரெண்டின் பின்னாலேயே ஒரு கூட்டம் வந்தது. 'நல்லா மூவ் பண்ணுவார்' என்பது எண்பதுகளில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற உயர்ந்த நற்சான்று. பிறந்த ஊரைவிட்டு ஒரு அடி மூவ் ஆகாதவரையும் இப்படிப் புகழ்வார்கள். 'ஜாலி டைப்' என்றால் வேலைக்குப் போகாதவர். 'கம்பெனி குடு' என்றால் புதுச்சேரி எல்லைக்குள் ஒரு கடை வாசலில் இறங்க வேண்டும் என்று பொருள். சாராயத்துக்குத்தான் விலை, துணைக்கு விலை கிடையாது. 'அவங்க கூட நமக்கு டெர்ம்ஸ் சரியில்ல' என்று சொன்னால், வாய்க்கால் தண்ணீருக்காக நடந்த அடிதடி திடீரென்று இரண்டு அரசாங்கங்களுக்கு இடையிலான விவகாரம் ஆகிவிடும்.

அரசாங்கங்களின் சிநேகத்தையும் எங்கள் கரை பார்த்திருக்கிறது. வடக்கே கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750 வாக்கில் நிஜாம் வம்சத்து முஸாபர் ஜங், தனக்குச் செய்த உதவிக்காக அதை டூப்ளேயின் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்தார். பத்து வருஷத்தில் இங்கிலீஷ்காரன் வந்து பிடித்து இடித்துப் போட்டான். மிச்சச் சுவர்களின் முன்னால் இப்போது கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது 'க்ளோஸ்'. 'அவரு எனக்கு ரொம்ப க்ளோஸ்' என்று ஒருவர் சொன்னால் ஒன்று அவரிடம் காரியம் ஆக வேண்டும், இல்லையென்றால் அவர் பதவியில் இருக்கிறார். ரேஷன் கடை க்ளோஸ், லோன் கணக்கு க்ளோஸ், 'ஆளையே க்ளோஸ் பண்ணிட்டாங்க' என்பதற்கும் அதே சொல். இத்தனை வேலைக்கும் ஒரே ஆளை அனுப்பினால் அவன் என்னதான் செய்வான்? 'ரிலேஷன்' கதையும் இதுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் "ரிலேஷன் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டால் மாமன், மச்சான், பெரியப்பா என்று வராந்தாவே எழுந்து நிற்கும். அதன் வாலில் ஒரு 'ஷிப்' சேர்ந்தால் போதும், அந்த வராந்தாக் கூட்டம் முழுவதும் கம்பு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய விஷயம் ஆகிவிடும். எனக்கும் இப்போது ஒரு ரிலேஷன்ஷிப் இருக்கிறது. வங்கியில் எனக்கென்று நியமித்திருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு மகனுக்கு முன்னால் வாழ்த்துச் சொல்வது அந்த மேனேஜர்தான். அதோடு ஒரு காப்பீட்டுத் திட்டத்தையும் சொல்வார்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்த வார்த்தைகள் ஜீப்பில் வந்தன. எங்கள் பகுதிக் குப்பங்களிலும் சுனாமி அலை புகுந்து வலை, படகு, வீடு எல்லாவற்றையும் கொண்டுபோனது. உதவ வந்தவர்கள் உண்மையாகவே உதவினார்கள். அதில் கேலிக்கு இடமில்லை. ஆனால் அவர்கள் பயிற்சிக் கூட்டங்களில் முதலில் மக்களிடம் 'ரேப்போ', அதாவது நெருக்கம், வளர்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தலைப்பில் அரைநாள் வகுப்பே நடக்கும். குப்பத்து ஆயா ஒருத்தி, ரேப்போ வளர்க்க வந்த பெண்ணைப் பார்த்து, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள். வகுப்பு அதோடு முடிந்துவிட்டது. குழந்தைகளுக்கான கூடாரத்தில் 'சைல்டு ஃப்ரெண்ட்லி' என்று எழுதியிருந்தது. அப்புறம் இந்த 'ஃப்ரெண்ட்லி' மனிதர்களை விட்டுவிட்டுப் பொருள்களோடு ஒட்டிக்கொண்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து விடுதிகள் எகோ ஃப்ரெண்ட்லி. துணிப்பை, சோப்பு, டாய்லெட் எல்லாம் ஃப்ரெண்ட்லி. பக்கத்தில் இருக்கும் கழுவெளி ஏரி 2021இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. எகோவோடு இவ்வளவு சிநேகமானவர்கள் சுற்றிலும் இருந்தும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்டது.

போலீசும் விடவில்லை. 'காவல்துறை உங்கள் நண்பன்' என்று நிலையங்களில் எழுதி வைத்தார்கள். நமக்கு அதைப் படிக்கவே உள்ளே போகத் தைரியம் வராது. 1993இல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் என்ற காவல் அதிகாரி 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். மக்களுக்கும் காவலர்களுக்கும் இடையில் பாலமாக இருப்பது நோக்கம். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு எழுந்த கொதிப்பில், தமிழ்நாடு அரசே அந்த அமைப்புக்குத் தடை போட்டது. அரசாங்க உத்தரவு போட்டு நிறுத்தப்பட்ட நட்பு, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். வள்ளுவர் நட்புக்கென்று வரிசையாக ஐந்து அதிகாரம் ஒதுக்கியதில், ஒன்றை ஆராய்ந்து பார்த்துச் சேர்வதற்கும், இரண்டைத் தீ நட்பு, கூடா நட்பு என்ற எச்சரிக்கைகளுக்கும் கொடுத்தார். ஏதோ அனுபவப்பட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.

இப்போது ஃபோன். முகநூலில் ஒருவருக்கு அதிகபட்சம் ஐயாயிரம் நண்பர்கள். அதற்கு மேல் கம்பெனியே அனுமதிக்காது. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டின் அமெரிக்க அகராதிக்காரர்கள் அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது 'அன்ஃப்ரெண்ட்'. அதை ஒரு புதுமையாகப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவே எங்கள் தாத்தா காலத்திலிருந்து பேச்சுக் கிடையாது. காரணம் இரு வீட்டாருக்கும் மறந்துவிட்டது. நல்லதுக்குப் போவதில்லை, சாவுக்கு மட்டும் போய் மாலை போட்டுவிட்டு வாய் திறக்காமல் திரும்பிவிடுவார்கள். இந்த நுட்பமெல்லாம் முகநூலின் பொத்தானில் இல்லை. அதைப் புரிந்துகொண்டுதானோ என்னவோ, 2018 கடைசியில் இன்ஸ்டாகிராம் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' என்று ஒரு தனிப் பட்டியலைக் கொண்டுவந்தது. அதில் இருப்பவர்களுக்குப் பச்சை வளையம் தெரியும். என் பேத்தியின் பட்டியலில் நான் இல்லை என்பதை அவளே மரியாதையாகச் சொன்னாள்.

"அதுல யாரெல்லாம் இருக்காங்க?"

"என் பெஸ்டி இருக்கான், இன்னும் சில பேரு."

"பெஸ்டின்னா லவ்வரா?"

"ஐயோ தாத்தா! லவ்வர் வேற. லவ்வரோட சண்டை வந்தா பேசறதுக்குத்தான் பெஸ்டி."

பரவாயில்லை, ஏதோ புதிதாக முளைத்துவிட்டது என்று பயந்துவிட்டேன். அகப்பாட்டில் இந்த வேலையைத் தலைவிக்குத் தோழி பார்த்தாள், தலைவனுக்குப் பாங்கன் பார்த்தான். தூது போவது, திட்டு வாங்குவது, கடைசியில் ஊர்ப் பழியில் பங்கு எடுத்துக்கொள்வது. அன்றைக்கும் இதற்குச் சம்பளம் இல்லை.

உப்பு ஊர்க்காரன் என்பதற்காக இந்த வார்த்தைகளை உப்போடு ஒப்பிட்டு ஏதாவது சொல்வேன் என்று நீங்கள் காத்திருக்கலாம். அந்த ஆசையை அடக்கிக்கொள்கிறேன். உப்பிட்டவரை நினைக்க வேண்டும் என்ற பழமொழியை எடுத்தாலே எங்களுக்குச் சிரிப்பு வரும். அந்தக் கணக்கை நேர்மையாகப் பார்த்தால் தமிழ்நாட்டில் நிறையப் பேர் தினமும் காலையில் மரக்காணத்தை நினைத்துவிட்டுத்தான் வேறு வேலை பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி மூழ்கி வேலை இல்லாமல் இருக்கும் மாதங்களில் அப்படி யாரும் நினைத்துக்கொண்டு வந்ததில்லை.

இப்போதைய சொல் 'ப்ரோ'. உப்பு ஏற்றும் வண்டி ஓட்டுகிற பையன் பின்னாலிருந்து ஹாரன் அடித்து, "ப்ரோ, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்கிறான். எனக்கு அவன் தாத்தா வயது. டீக்கடையில் என் வயதுக்காரர்கள் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். "பெரியவரு சின்னவரு இல்லையா? ஒரு ஐயா, ஒரு அண்ணன்னு வாயில வராதா? எல்லாம் இந்த இங்கிலீசால வந்தது." எனக்கு அந்தப் பையனைத் தெரியும். காலனிப் பையன். அவனுடைய பாட்டி தலையில் உப்புக்கூடையோடு நின்று என் அப்பாவை ஆண்டே என்று கூப்பிட்டதையும், அந்த அம்மாளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதையும் இந்தக் கொதிப்புக்காரர்களும் பார்த்தவர்கள்தான். அன்றைக்கு மரியாதை கெட்டுப்போனதாக யாரும் கவலைப்படவில்லை.

ப்ரோ மட்டமான சொல்தான். தேய்ந்துபோனது, சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் அதில் ஒரு பைசாச் செலவில்லை. கழுத்தறுக்கப் போகிறவனும் ப்ரோ என்றுதான் தொடங்குகிறான். ஆனால் செலவில்லாத சொல்லாக இருப்பதால்தான் அது எல்லார் கைக்கும் கிடைக்கிறது. அது முறை கேட்பதில்லை, தெரு கேட்பதில்லை. அண்ணே என்ற சொல்லுக்கு நான் எவ்வளவு உருகினாலும், அதை அவன் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் தர எங்கள் தெரு தயாராக இருந்ததில்லை. 2013 ஏப்ரலில் மாமல்லபுரத்துக் கூட்டத்துக்குப் போன வண்டிகள் எங்கள் ஊர்ச் சாலையில் நின்றதையும், அதன் பின் நடந்த சாதிக் கலவரத்தில் வீடுகள் எரிந்ததையும் பார்த்தவர்களுக்கு, எங்கள் பழைய உறவுச் சொற்களின் எல்லை எது என்று அகராதி பார்க்கத் தேவையில்லை. அந்தப் புகையில் ப்ரோக்களும் சேர்ந்தேதான் இருமினார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சொல் வந்து ஊரைத் திருத்திவிட்டதாக நான் எழுதினால் ஊரே சிரிக்கும்.

போன தை மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். இங்கிலீஷ் பக்கத்தின் அடியில் வழக்கம்போல 'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ் ஃப்ரம் நியர் அண்ட் டியர்'. அந்த நியர் யார், டியர் யார் என்பதை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்திருந்தார்கள். மண்டப வாசலில் பேனர் மட்டும் பையன்கள் பொறுப்பு. மாப்பிள்ளை பெண் படத்துக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட முகங்கள் மூன்று வரிசையாக. மேலே 'ஃப்ரெண்ட்ஸ் குரூப்' என்று தங்க எழுத்து. மூன்றாவது வரிசையின் ஓரத்தில் உப்பு வண்டிக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பெரியப்பா முறை ஆகிற ஒருவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேனரை அளந்தார்.

"இது யாருடா கடைசில?"

"ஃப்ரெண்டு பெரிப்பா," என்றான் மாப்பிள்ளையின் தம்பி.

"யாரு வூட்டுப் பையன்?"

"ஃப்ரெண்டுதான் பெரிப்பா."

"அது தெரியுது. எந்தத் தெரு?"

"மரக்காணந்தான் பெரிப்பா. எல்லாம் நம்ம ஃப்ரெண்டு."

பெரியவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பேனரை இறக்கச் சொல்லவும் இல்லை. வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, ஒரு மரத்தை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கமாக, பேனரின் ஓரத்தை ஒட்டிக் கட்டச் சொன்னார்.